வாசலிலேயே மறுப்பதே மரியாதை

இல்லாத பெயருக்கு வரும் மின்னஞ்சலையும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் மெயில் சர்வர்கள் உண்டு. அதைப் பிழை என்று உடனே ஒதுக்கிவிட முடியாது. சரியான பெயருக்கு 250 (ஏற்பு), தவறான பெயருக்கு 550 (மறுப்பு) என்று சர்வர் ஒளிவுமறைவின்றிப் பதில் சொன்னால், பெயர்களை ஊகித்து அனுப்பும் ஸ்பாம் கும்பல் உண்மையான முகவரிகளைச் சலித்தெடுத்துவிடும். எல்லாவற்றையும் வாங்கினால் அந்த வழி அடைபடும். டேனியல் பெர்ன்ஸ்டைன் எழுதிய கியூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் வாசலில் நிற்கும் நிரலுக்குப் பயனர் பட்டியலே தெரியாது. பாதுகாப்புக்காகப் பணிகளைப் பிரித்து வைத்ததன் விளைவு அது.

ஆனால் 250 என்பது வாக்குறுதி. அதைச் சொன்ன சர்வர் அஞ்சலைச் சேர்க்க வேண்டும். முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2008இல் வந்த மின்னஞ்சல் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 5321. ஸ்பாமில் அனுப்புநர் முகவரியே பெரும்பாலும் போலி. எனவே திரும்பும் அஞ்சல் சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் விழுகிறது. அப்படி அனுப்பும் சர்வர் கறுப்புப் பட்டியலில் ஏறுகிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டி வைத்தாலும் தீர்வில்லை. எழுத்துப்பிழையோடு அனுப்பியவர், அஞ்சல் சேர்ந்துவிட்டது என்றே நம்பியிருப்பார். மறுத்திருந்தால் அவருக்கு உடனே தெரிந்திருக்கும்.

உங்கள் சர்வரில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. வெளியிலிருந்து 25ஆம் போர்ட்டில் இணைந்து ஒரு கற்பனைப் பெயரைப் பெறுநராகக் கொடுங்கள். 250 வந்தால் ஓட்டை இருக்கிறது. டொமைனுக்கு அஞ்சல் வாங்கும் ஒவ்வொரு எம்எக்ஸ் சர்வரிலும் இதைச் செய்ய வேண்டும். முதன்மை சர்வர் மறுக்கும்போது, பயனர் பட்டியல் இல்லாத துணை சர்வர் வாங்கிக்கொண்டிருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் அடிக்கடி மாட்டுவது, ஒரு டொமைனை அப்படியே இன்னொன்றுக்குத் திருப்பும் ஒற்றை வரி. அந்த வரி இருக்கும்வரை எந்தப் பெயரும் செல்லும். அதை நீக்கிவிட்டு, பயனருக்கு ஒரு வரியாக எழுத வேண்டும். பட்டியலில் யாராவது விடுபட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், முதல் சில நாள் 550க்குப் பதில் 450 (தற்காலிக மறுப்பு) கொடுங்கள். அனுப்பும் சர்வர் மீண்டும் முயலும். அஞ்சல் உடனே திரும்பிவிடாது.

பெயர் சலிக்கும் கும்பலுக்கும் மருந்து உண்டு. ஒரே இணைப்பில் பிழைகள் 10 ஆனால் தாமதிப்பது, 20 ஆனால் துண்டிப்பது என்பது போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அமைப்பு. பல இணைப்புகளிலிருந்து பொறுமையாகச் சலிப்பவரை அது முழுதாகத் தடுக்காது என்பது உண்மை. ஆனாலும் சில முகவரிகள் வெளியே தெரிவதைவிட, முன்பின் தெரியாதவர்களின் பெட்டியைக் குப்பையால் நிரப்புவதே பெரிய குற்றம்.