கேட்டவரே வென்ற ஆட்டம்

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில், முதல் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களும் இரண்டாவது ஷிப்டுக்கு உள்ளே போகிறவர்களும் ஒரு கால் மணி நேரம் ஒன்றாய்க் கலந்து நிற்கும் தேநீர்க் கடை ஒன்றில், கபடியைப் பற்றியும் கிரிக்கெட்டைப் பற்றியும் நடைபெறும் சர்ச்சைகளைக் காதில் வாங்கியே இந்தப் பத்திக்கு வேண்டிய விஷயத்தில் பாதியை நான் சேகரித்து வருகிறேன் என்ற ரகசியத்தை இன்று வாசகர்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சென்ற வாரம் அங்கே நடந்த சர்ச்சை பந்தைப் பற்றியதன்று. லேத் பட்டறையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியில் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தை ஓடவிட, சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்துக்கொண்டிருக்கையில், வயதில் மூத்த ஃபிட்டர் ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இன்னாப்பா இது, நாகேஷுக்குக் காலையே காணோம்?” என்றார். இளைஞர் நிமிர்ந்து, “‘கர்ணன்’ துடைச்சு வந்துச்சு, ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்துச்சு. இதுக்கு அந்த மாதிரி நல்ல டிஸ்க் எப்பண்ணே வரும்?” என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன்.

விளையாட்டுப் பக்கத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று ஆசிரியர் கேட்கக்கூடும். விளையாட்டை அலசுகிறவன் நாள்தோறும் செய்வது என்ன? ஒரு வீரன் எந்தக் கணத்தில் காலை நகர்த்தினான், எதிராளியின் அசைவை எப்போது ஊகித்தான், அவசரப்படாமல் எத்தனை நேரம் காத்திருந்தான் என்பதைக் கணக்கிடுவதே அவன் தொழில். ஹாஸ்ய நடிப்பும் இதே கணக்கைத்தான் அடிப்படையாகக் கொண்டது. சோக ரசத்தில் ஒரு விநாடி முன்பின் ஆனாலும் கண்ணீர் வந்துவிடும். ஹாஸ்யத்தில் அரை விநாடி தவறினால் சிரிப்பு வராது. அந்த அரை விநாடி என்பது திரைப்படச் சுருளில் சரியாகப் பன்னிரண்டு சட்டங்கள். அந்தப் பன்னிரண்டில் நான்கு அறுந்துபோன பிரதியை வைத்துக்கொண்டு ஒரு நடிகரின் திறமையை எடைபோடுவது, ஸ்டம்பை மறைத்துக்கொண்டு யாரோ நிற்கும் படத்தைப் பார்த்து ரன் அவுட் தீர்ப்புச் சொல்வதற்குச் சமானம்.

ஸ்ரீதர் இயக்கி, அவரும் சித்ராலயா கோபுவும் கதையமைத்து, வின்சென்ட் ஒளிப்பதிவு செய்த இந்தப் படம் 1964 பிப்ரவரி 27-ஆம் தேதி வெளியாயிற்று. அதே ஆண்டின் பொங்கலுக்கு வந்ததுதான் ‘கர்ணன்’. இரண்டுக்கும் இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. ஆறு வாரம் மூத்த புராணப் படம் செப்பனிடப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் திரையேறி நூறு நாள்களைக் கடந்தது. 1965-இல் வந்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2014-இல் அவ்வாறே வந்து வெற்றி கண்டது. வீரத்துக்கும் தியாகத்துக்கும் முதற் பந்தியில் இலை போட்டுவிட்டு ஹாஸ்யத்தைக் கடைசிப் பந்தியில் உட்கார வைப்பது நம்மிடையே வெகுநாளாய் இருந்துவரும் வழக்கம் ஆகையால், இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வருத்தம் மட்டும் உண்டு.

இனி, ஆட்டத்துக்கு வருவோம். சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக டி. எஸ். பாலையா, ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர்ப் பலகை மட்டும் வைத்திருக்கும் மகன் செல்லப்பாவாக நாகேஷ். மகன் தான் எடுக்கப்போகும் பயங்கரப் படத்தின் கதையைத் தகப்பனாரிடம் சொல்கிறான். கதை என்று அதில் ஒன்றும் இல்லை. கதவு கிறீச்சிடும் ஒலியையும் காலடி ஓசையையும் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்பி, கையாலும் கண்ணாலும் இருளை உண்டாக்கி, இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பவைக்கிறார். ‘புதிய பறவை’யை இயக்கிய தாதா மிராசி கதை சொல்லும் பாணியே இந்தக் காட்சிக்கு வித்திட்டது என்பது கோடம்பாக்கத்தில் பிரசித்தம். அப்போது நாகேஷுக்கு வயது முப்பது. பாலையாவுக்கு ஐம்பதைத் தொட இன்னும் சில மாதங்கள். ஒருவர் ரயில்வே உத்தியோகத்திலிருந்து அமெச்சூர் நாடக மேடை வழியாகச் சினிமாவுக்குள் குதித்தவர். மற்றவர் 1936-இல் ‘சதி லீலாவதி’யில், எம்.ஜி.ஆரும் என். எஸ். கிருஷ்ணனும் அறிமுகமான அதே படத்தில், அறிமுகமாகி, வில்லன் வேஷங்களில் தேசத்தையே பயமுறுத்திவிட்டு வந்தவர்.

இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நாகேஷின் பந்துவீச்சையே புகழ்வார்கள். புகழட்டும். ஆயினும், நான் இதைப் பலமுறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்ததில் என் முடிவு வேறாக அமைந்தது. நாகேஷ் ஒவ்வொரு பந்தையும் ஒவ்வொரு விதமாக வீசுகிறார். வேகத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், திடீரென்று நிறுத்துகிறார். அத்தனைக்கும் உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே, ஒரு வசனத்தையும் அதிகம் செலவழிக்காமல், முகத்தை மாத்திரம் மட்டையாய்ப் பிடித்து ஆடுகிறவர் பாலையா. முதலில் வேண்டாவெறுப்பு; பிறகு, நம்மையறியாமல் காது கொடுத்துவிட்டோமே என்ற சிறு சங்கடம்; பிறகு ஆவல்; கடைசியில் தாம் எஸ்டேட் முதலாளி என்பதையே மறந்த பீதி. இந்த நான்கு நிலைகளுக்கும் இடையில் எங்கே கோடு கிழிப்பது என்று தெரியாத அளவுக்கு ஒன்றிலிருந்து ஒன்று கனிந்து வருகிறது. பயமுறுத்தியே பழகிய முகம் பயப்படுகிறது என்பதே இதில் உள்ள சூட்சுமம். நாகேஷ் சொல்லும் கதையில் பேய் இருக்கிறதோ இல்லையோ, பாலையாவின் கண்களில் அது இருக்கிறது. நாம் அங்கேதான் அதைக் காண்கிறோம்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் வேறொரு மைதானத்துக்குப் போகலாம். இதே படத்தை ஸ்ரீதரே 1966-இல் ‘பியார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். கதை சொல்கிறவர் மெஹ்மூத், கேட்கிறவர் ஓம் பிரகாஷ். மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் பரிசு கிடைத்தது. வடநாட்டார் இன்றும் அந்தக் காட்சியைப் போற்றுகிறார்கள். ஓம் பிரகாஷ் லேசுப்பட்டவர் அல்லர். ஆனாலும் அவர் பயத்தை நடிக்கிறார், பாலையா பயப்படுகிறார் என்றே எனக்குப் படுகிறது. இது உள்ளூர்ப் பற்று என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொரு விசுவநாத்தின் நினைவும் வருகிறது. 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில், ஆண்டி ராபர்ட்ஸின் வேகத்துக்கு முன்னால் இந்தியா 190 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது, குண்டப்பா விசுவநாத் ஆட்டமிழக்காமல் 97 எடுத்தார். நேரில் பார்த்த பெரியவர்கள் அந்தத் தொண்ணூற்றேழைச் சதங்களுக்கெல்லாம் மேலாக வைத்துப் பேசுவார்கள். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்டு 15-இல்தான். ஏழு மாதம் பிந்திவிட்டது. ஆகவே அந்த ஆட்டத்தைச் சென்னை வீட்டுக் கூடங்கள் காணவில்லை. பத்திரிகை எழுத்தும் வானொலி வர்ணனையும் பெரியவர்களின் ஞாபகமுமே நம்மிடம் மிஞ்சியவை. சின்னமலை விசுவநாதனின் ஆட்டமோ அதற்குப் பதினோராண்டு முந்தியதாயினும் படச்சுருளில் பதிந்திருக்கிறது. பதிந்ததை மங்கவிட்டுவிட்டு, பிறகு ஞாபகத்தை நம்பிப் பேசுவதற்கு நமக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஃபிட்டர் காணாமல் போயிற்று என்று சொன்ன கால் எங்கே போயிற்று? அக்காலத்துப் படங்கள், நம்மவர் சினிமாஸ்கோப்புக்கு 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ வழியாக வந்து சேரும் வரையில், ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவில் அமைந்தவை. இன்றைய தொலைக்காட்சித் திரையோ பதினாறுக்கு ஒன்பது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிந்தால் பார்க்கிறவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து, மேலும் கீழும் வெட்டி அகலத்துக்கு இழுத்து நிரப்பிவிடுகிறார்கள். இப்படிச் செய்கையில் படத்தின் உயரத்தில் கால் பங்கு போய்விடுகிறது. நாகேஷ் போன்ற, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நடித்த ஒரு கலைஞரிடம் கால் பங்கை வெட்டினால், போவது பெரும்பாலும் அந்தக் காலாகத்தான் இருக்கும்.

இதைவிட நுட்பமான திருட்டு ஒன்றும் உண்டு. சினிமா விநாடிக்கு 24 சட்டங்களாக எடுக்கப்படுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையோ விநாடிக்கு 25. அந்த முறைக்கு மாற்றிய பிரதிகளில், ஒவ்வொரு விநாடியிலும் ஒரு சட்டம் முந்தி ஓடி, 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. குரலின் சுருதியும் சற்றே ஏறிவிடுகிறது. நூற்றுக்கு நான்கு பங்கு என்பது சண்டைக் காட்சியில் பெரிதாய்த் தெரியாது. நாகேஷ் நிறுத்திய இடத்துக்கும் பாலையா விழித்த இடத்துக்கும் இடையே உள்ள அந்த மௌனத்தில் அது உறுத்துகிறது. நல்ல புளூ-ரே வட்டு 24 சட்டங்களையே அப்படியே ஓட்டவல்லது என்பதால், ரசிகர்கள் அதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஈஸ்ட்மன் வர்ணச் சுருள்களில் நீலமும் பச்சையும் முதலில் வெளிறி, ஆழியாற்றுப் பசுமையும் மெரினாவின் கடலும் ரோஜா நிறமாகிவிடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

செப்பனிடுதல் என்றால் துடைத்து வெளுப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். மூல நெகட்டிவைத் தேடிக் கண்டுபிடித்து, கிழிந்த பல்துளைகளைக் கையால் ஒட்டி, கழுவி, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு சட்டமாகக் கீறலையும் தூசியையும் நீக்குவது அது. இரண்டரை மணி நேரப் படத்தில் சட்டங்கள் 2,16,000. மூலத்தில் ஒரு துண்டு இல்லையென்றால் வேறு பிரதியிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். சாப்ளினின் படங்களுக்கு இத்தாலியின் பொலோஞா நகரத்துத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1999 முதல் இந்தத் திருப்பணியைச் செய்து வருகிறது. சிரிப்புக்கு அங்கே முதற் பந்தியில் இலை போட்டிருக்கிறார்கள். சாலிக்கிராமத்துப் பிரசாத் நிறுவனத்தில் இந்த வேலை தெரிந்த கைகள் நிறைய உண்டு. 2017-இல் திரைப்படப் பாதுகாப்புப் பயிற்சி முகாமே சென்னையில் நடந்தது. ஆகவே வித்தை இல்லை என்ற சாக்கு எடுபடாது.

விநோதம் என்னவென்றால், புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டதும் இதே 1964 பிப்ரவரியில்தான். காப்பகத்துக்கும் படத்துக்கும் ஒரே வயது. அந்தக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் 2003 ஜனவரியில் தீக்கிரையாயின என்பதும், தமிழின் முதல் பேசும் படமாகிய 1931-ஆம் ஆண்டின் ‘காளிதாஸ்’ இன்று எங்குமே இல்லை என்பதும் நினைவுக்கு வரும்போது, டிஸ்குக்காகக் காத்திருப்பவர்களின் பொறுமையின்மையை நான் குறையாகக் கருதுவதில்லை. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் தட்டுகளை விற்றபோது, பெட்டிக் கடையிலும் கொத்துக் கொத்தாய்த் தொங்கிய பழைய படங்களை நாம் வாங்கிக் குவித்தோம். மலிவு கிடைத்தது; தரம் கேட்க அப்போது தோன்றவில்லை. இன்று தட்டு ஓட்டும் பெட்டி பல வீடுகளில் பரணுக்குப் போய்விட்டது. இந்த வேளையில் ஒரு லேத் தொழிலாளி நல்ல பிரதிக்காக டிஸ்க் பிளேயர் வாங்கக்கூடத் தயார் என்கிறார்.

அந்த டிஸ்க் வருகிறபோது எப்படி வர வேண்டும் என்பதில் தேநீர்க் கடைக்கு வருகிறவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லாமல் பளபளக்க வேண்டும் என்பது இளைஞர் கட்சி. படச்சுருளுக்கே உரிய மணல் மணலான அந்த இழைமத்தை நீக்கினால் பாலையா மெழுகுப் பொம்மை ஆகிவிடுவார் என்பது ஃபிட்டர் கட்சி. பழைய இசையை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாசித்துச் சேர்ப்பதையும் ஃபிட்டர் ஒப்பவில்லை. நான் ஃபிட்டர் பக்கம். ஆட்டம் முடிந்த பிறகு ஸ்கோர் பலகையைத் திருத்தி எழுதுவதைச் செப்பனிடுதல் என்று சொல்லக்கூடாது.

ஆட்ட நாயகன் பாலையா. அதில் எனக்கு மறுபரிசீலனை இல்லை. ‘திருவிளையாடல்’ வந்த 1965-இல் தருமியாகவும் ஹேமநாத பாகவதராகவும் இந்த இருவரும் தனித்தனியே ஆடிய ஆட்டங்களைப் பற்றி வேறொரு சமயம் எழுதுகிறேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களில் ஒரு காலத்தில் டூரிங் கொட்டகை நடத்திய குடும்பத்தினர் யாரேனும் இதைப் படிக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பரணிலோ பின்கட்டு அறையிலோ பழைய தகர டப்பாவில் படச்சுருள் கிடந்தால், அதைத் திறக்கும்போது புளித்த காடியின் வாடை வீசினால், சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைக்காதீர்கள், பழைய சாமான் வண்டிக்கும் போடாதீர்கள். குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் தனியாக எடுத்துவைத்துவிட்டு, புனே காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.