செக்ரோலில் ஒரு ‘ம’

கொலைமர்ம விருந்துக்கு அழைப்பு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் கறுப்பு அட்டையில் சிவப்பு மையைச் சொட்டவிட்டு, ஒரு கத்தியை வரைந்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி முடித்துவிடுவார்கள். கோலசிலாங்கூர் மாவட்டத்தில் புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் சின்னம்மா மகள் அனுப்பியது ஒரு செக்ரோல் தாள். கட்டம் போட்ட நீளத்தாள். இடப்பக்கம் ஆள் பெயர், மேலே 1 முதல் 30 வரை தேதி, வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு சுழி. தலைப்பில் நவம்பர் 1934. ஆள் பெயர் வரும் இடத்தில் எங்கள் பெயர்களையே எழுதி, பக்கத்தில் அவரவர் எந்த வேடத்தில் வர வேண்டும் என்று குறித்திருந்தாள்: பெரிய கிராணி, தண்டல், டிரசர், கூக்கு, டிரைவர், துரைசாணி, ஆயா. 14ஆம் தேதிக் கட்டத்தின் நெற்றியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு ‘ம’. தாளைக் கையில் வாங்கிய எல்லாருக்கும் அந்த எழுத்து கிடைத்தது. அலங்காரம் என்று நினைத்து எல்லாரும் அதைக் கடந்துபோனோம்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. விருந்துக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரம். அவரவர் அட்டையில் சொல்ல வேண்டியதும் மறைக்க வேண்டியதும் எழுதியிருக்கும். குற்றவாளி மட்டும் பொய் சொல்லலாம். சாப்பிட்டுக்கொண்டும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டும் கடைசியில் யார் என்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கிராமத்து ஓட்டல்களில் விருந்தினர்கள் இப்படி விளையாடியிருக்கிறார்கள். அந்த ஓட்டல்களில் பியானோ வாசித்த பர்மிங்காம்காரர் ஆந்தனி பிராட், போர்க்கால இருட்டடிப்பில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அந்த மாலைகளை நினைத்து ஒரு பலகை விளையாட்டை உருவாக்கினார். பலகையை வரைந்தவர் அவர் மனைவி எல்வா. 1944இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1949இல் ‘குளூடோ’ என்று கடைக்கு வந்தது அதுதான். இன்று பெட்டியில் கிடைக்கும் விருந்து விளையாட்டுகள் பலவற்றிலும் அந்த மாளிகையும் நூலக அறையும் சமையல்காரியும் இன்னும் இருக்கின்றன. என் தங்கை அந்தப் பெட்டிகளைத் தொடவில்லை. பனி மூடிய மாளிகை எதற்கு? செம்பனைக்கும் கித்தாவுக்கும் நடுவில் பிறந்த ஊரில் துரை பங்களா இருக்கிறதே.

அந்தத் தேர்வை எத்தனை பாராட்டினாலும் தகும். இந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்குக் கதைகள் புதிதல்ல. ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கோனியேதான் 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டவர். மலாயாத் தோட்ட வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அதில் தமிழர்களும் வருகிறார்கள். மர்மத்துக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று வேண்டுமென்றால் கோலசிலாங்கூர் நகரத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறது. புக்கிட் மலாவத்தி மலையில், துரோகிகளை இறக்கித் தண்டிக்கப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் நஞ்சுக் கிணறு. மூங்கில் குருத்துச் சாறும் மரப்பாலும் கலந்து நிரப்பினார்கள் என்று ஊரில் வழங்கும் கதை.

ஆனால் தங்கை தன் கதைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது சிலாங்கூரில் உண்மையிலேயே நடந்த ஒரு வழக்கை. 1911 ஏப்ரல் 23, ஞாயிறு இரவு, கோலாலம்பூர். விக்டோரியா கல்விக்கூடத்தின் தற்காலிகத் தலைமையாசிரியர் பிரவுட்லாக் இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போயிருந்தார். அவர் மனைவி எத்தல் வீட்டில் தனியாக இருந்தார். ஈயச் சுரங்க மேலாளர் வில்லியம் ஸ்டூவர்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, வண்டிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வண்டிக்காரர் காதில் இரண்டு வெடி. தள்ளாடி வராந்தாவைத் தாண்டி ஓடிவந்தவரின் பின்னாலேயே எத்தல் வந்து மீதி நான்கு குண்டுகளையும் சுட்டார். என்னைக் கெடுக்க வந்தான், விளக்கின் பொத்தானைத் தேடி நீட்டிய கையில் துப்பாக்கி அகப்பட்டது என்பது அவர் சொன்ன விளக்கம். நீதிமன்றம் ஏற்கவில்லை. தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார்.

இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப நின்று பார்ப்பது ரிக்‌ஷாவைத்தான். வண்டியை நிறுத்திவைத்தவர் நெடுநேரம் தங்க வந்தவராகத் தெரியவில்லை. கெட்ட எண்ணத்தோடு வந்தவர் ஒரு சாட்சியை வாசலில் நிறுத்திவைப்பாரா? அல்லது வேலைக்காரர்களையும் வண்டிக்காரர்களையும் சாட்சியாகவே நினைக்காத காலமா அது? ஒரே ஒரு சிறு செய்தி இரண்டு பக்கமும் திரும்புகிறது. நல்ல துப்புக்கு அதுதான் இலக்கணம்.

பிரவுட்லாக் வழக்கின் கதையைக் கேள்விப்பட்ட சாமர்செட் மாம், அதை ‘கடிதம்’ என்ற சிறுகதையாக எழுதினார். 1926இல் தொகுப்பில் வந்தது. 1927இல் நாடகமாயிற்று. 1940இல் பெட் டேவிஸ் நடித்துப் படமாயிற்று. படம் நிலா வெளிச்சத்தில் மங்கில் சொட்டும் கித்தாப் பாலில்தான் தொடங்கும். மாம் செய்த இரண்டு மாற்றங்களும் தேர்ந்த கைவேலை. நகரத்து வீட்டைத் தோட்டத்துப் பங்களாவாக்கினார். நடந்த வழக்கில் இல்லாத ஒரு கடிதத்தைப் புகுத்தினார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு முடிந்தால் போயிற்று. கடிதம் கையிலிருந்து கைக்குப் போகும், விலை பேசப்படும், மடித்து வைக்கப்படும், மறுபடி படிக்கப்படும். விருந்துக்கு வந்தவர்கள் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் வேண்டும் என்பதை மாம் அறிந்திருந்தார். தங்கையும் அறிந்திருந்தாள்.

அவள் கதை இதுதான். சின்னத் துரை முற்பகல் பதினோரு மணிக்குப் பங்களா வராந்தாவில் இறந்து கிடக்கிறார். மேசையில் ஒரு மொட்டைக் கடிதம்: சம்பளத்தைக் குறைத்தால் உயிர் தப்பாது, இப்படிக்குப் பால் வெட்டுகிறவர்கள். கையெழுத்துக்குப் பதில் கீழே ஒரு கித்தா மரத்தின் படம். தாளின் மூலையில் மஞ்சள் கறை.

அந்த மஞ்சள் கறையை எங்கே வெளிப்படுத்துவது என்று அவள் தேர்ந்த நேரம் அபாரம். வாழையிலை போட்டு நண்டுக் கறியும் சோறும் பரிமாறி, எல்லாரும் பாதி சாப்பிட்டிருக்கும்போது கடிதத்தைப் பந்தியில் சுற்றவிட்டாள். துரைசாணியாக நடித்த அண்ணிக்கு மட்டும் ஆரம்பத்திலேயே பீங்கான் தட்டும் முள்கரண்டியும் வைத்திருந்தாள். கடிதம் கைமாறும்போது ஒவ்வொருவரும் தன் விரலைப் பார்த்துக்கொண்டோம். மஞ்சள் இல்லாத விரல் அந்த வரிசையில் ஒன்றே ஒன்று. யாரும் எதுவும் சொல்லாமலே துரைசாணி சந்தேகப் பட்டியலிலிருந்து வெளியேறினார். சாப்பாடே சாட்சி சொன்ன அந்த நிமிடத்துக்கு ஈடாக எந்தத் துப்பறியும் கதையிலும் நான் படித்ததில்லை.

ஒவ்வொரு சுற்றும் தொடங்குவதற்கு அவள் வாசலில் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை அடித்தாள். உடனே எல்லாரும் முற்றத்தில் வரிசையாக நிற்க வேண்டும். பெரட்டு! பெயர் கூப்பிட, ஆஜர் சொல்ல வேண்டும். அகதா கிறிஸ்டி கதைகளில் துப்பறிவாளர் கடைசியில் எல்லாரையும் ஒரு கூடத்தில் கூட்டுவார். அதற்கு நம் தோட்டங்களில் ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது, விடியுமுன்னே, நாள் தவறாமல். பெரியவர்கள் சிலருக்கு மணிச்சத்தம் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

விசாரணையின் நயம் தனி. பெரிய கிராணியாக வந்தவர் தங்கையின் அப்பா, என் சித்தப்பா. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் மடித்த குடை. விசாரித்தது தமிழ்ப்பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி. 

“கிராணியாரே, அன்னிக்குப் பதினோரு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“பால் நிறுக்கிற இடத்துலதாம்மா. கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். எத்தனை வாளின்னு வேணும்னாலும் சொல்றேன்.”

“நீங்க அங்க இருந்ததை யார் பார்த்தாங்க, தாத்தா?”

கிராணியார் தாத்தாவாக மாறிய அந்தச் சறுக்கலில் கூடம் சிரித்தது. ஆனால் கேள்வி சறுக்கவில்லை. வயதில் மூத்தவரை மறித்துக் கேள்வி கேட்க நம் வீடுகளில் குழந்தைக்கு எப்போது வாய்ப்பு? மரியாதை ஒரு இம்மி குறையாமல் அவள் துருவினாள். அவரும் தன் பொய்யை அத்தனை பரிவோடு சொன்னார்.

கதையை உடைத்த முதல் ஆள் வேடமே போடாதவர். ஈஜோக் பக்கத் தோட்டத்தில் ஆயுளெல்லாம் மரம் வெட்டிய எங்கள் பாட்டி, சாய்வு நாற்காலியில் இருந்தபடி கடிதத்தை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

“இது உளி பிடிச்சவன் போட்ட படம் இல்ல. கோடு இடப்பக்கமா இறங்குது பாரு. எந்த மரத்துலடா அப்படி வெட்டுவாங்க?”

கித்தா மரத்துக்கு எதிரே நின்றால் வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக நில்லாமல் சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அவற்றை அதிகமாக அறுக்க அந்தச் சரிவுதான் ஏற்றது. படத்தில் சரிவு மாறியிருந்தது. வரைந்தவன் மரத்தைத் தினமும் பார்த்திருக்கிறான், ஒரு நாளும் வெட்டியதில்லை. தண்டல் வெட்டிப் பழகி மேலே வந்தவர், ஆயாவும் அப்படியே. ஆக, பால் வெட்டுகிறவர்கள்மேல் பழி போட முயன்ற, புத்தகத்தோடு மட்டும் பழகிய ஒரு கை.

இந்த இடத்தில்தான் பேத்தி போய் அழைப்பிதழை எடுத்துவந்தாள். கொலை நடந்த 14ஆம் தேதி. எல்லார் பெயருக்கும் நேரே சுழி. உச்சியில் ‘ம’. மழை. விடியலில் மழை பெய்து மரம் நனைந்தால் வெட்டு கிடையாது. வெட்டினாலும் பால் கோடு தாண்டி ஈரப்பட்டையில் வழிந்து வீணாகும், மங்கில் தண்ணீர் நிற்கும். வெட்டு இல்லாத நாளில் நிறுப்பதற்குப் பால் ஏது? அந்த ‘ம’வைச் செக்ரோலில் எழுதியதும் கிராணியின் பேனாதான். இல்லாத ஆட்களின் பெயரைச் சேர்த்துச் சம்பளம் எடுத்ததைச் சின்னத் துரை கண்டுபிடித்துவிட்டார் என்ற காரணம் பிறகு அட்டையில் வந்தது. காரணம் யாரும் யோசிக்கக்கூடியது. மழைக் குறியை முன்கூட்டியே எல்லார் வீட்டுக்கும் அனுப்பிவைத்ததில்தான் கலை. துப்பு எதையும் வாசகரிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்று ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் 1929இல் விதித்தார். தங்கை அதை ஒரு படி மேலே கொண்டுபோய், விருந்து தொடங்குமுன்னே விடையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

பின்னர் அட்டைகளை வாங்கி நிதானமாகப் படித்தேன். டிரைவரின் அட்டையில், “லோரிக்குத் தார்ப்பாய் போட்டேன்.” ஆயாவின் அட்டையில், “பிள்ளைகள் யாரும் வரவில்லை.” தண்டலின் அட்டையில், “வீட்டில் இருந்தேன்.” ஒருவர் அட்டையிலும் மழை என்ற சொல் இல்லை. எல்லாரும் மழையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த அடக்கம் எனக்கு 1954இல் வந்த ‘அந்த நாள்’ படத்தை நினைவூட்டியது. பாட்டே இல்லாமல் எஸ். பாலசந்தர் எடுத்த அந்தப் படத்திலும் ஒரே கொலையை ஒவ்வொருவரும் தன் பக்கமிருந்து சொல்வார்கள். ஒவ்வொருவர் கதையும் இன்னொருவரைக் காட்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தங்கை கதையை முழுக்கக் கற்பனையில் வைத்தாள். ஊரில் நடந்த சாவு எதையும் எடுக்கவில்லை. இதே சிலாங்கூரின் வடபகுதியில், பத்தாங் காலியில், 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் கித்தாத் தோட்டத்து ஆட்கள்தாம். குடும்பத்தார் பல்லாண்டுகள் நியாயம் கேட்டு லண்டன் நீதிமன்றம் வரை போனார்கள். அப்படிப்பட்ட மரணங்கள் விருந்துக்கு உரியவை அல்ல. விளையாட்டில் சாகிறவர் யாருக்கும் உறவாக இருக்கக் கூடாது என்ற அவளுடைய கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

நீங்களும் இதை நடத்துங்கள். பெட்டி வாங்க வேண்டாம். உங்கள் வீட்டில் யார் எந்த வேலை செய்தார்கள் என்று பாருங்கள். மீன்பிடிப் படகு என்றால் ஏற்றவற்றம், நெல்வயல் என்றால் வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள், கடை என்றால் கடன் புத்தகம். செய்தவருக்கு மட்டும் தெரிந்த ஒரு நுணுக்கத்தைத் துப்பாக வையுங்கள். வீட்டில் உளி பிடித்த பாட்டி இருந்தால் அவருக்கு வேடம் எதுவும் கொடுக்க வேண்டாம். கடிதத்தை மட்டும் அவர் கையில் கொடுங்கள்.