துப்பறியும் கணினி விளையாட்டுகளில் கதைசொல்லல் வழுக்களும் விளையாடுபவரின் ஈடுபாடும்

ஆய்வுச் சுருக்கம்

கணினி விளையாட்டுகளில் நேரும் வழுக்கள் விளையாடுபவரின் ஈடுபாட்டைக் குலைக்கின்றன என்பது பொதுவான கருத்து. துப்பறியும் விளையாட்டுகளைப் பொறுத்தவரை இக்கருத்து முழுமையானதன்று. அவற்றில் வழு, தடயமாகத் தோன்றி விளையாடுபவரின் தீர்ப்பையே திரிக்கிறது. தமிழ் இலக்கணம் கூறும் வழாநிலை, வழு, வழுவமைதி என்னும் பாகுபாட்டைத் திறனாய்வுக் கருவியாகக் கொண்டு, 2001 முதல் 2018 வரை வெளிவந்த நான்கு விளையாட்டுகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் விளையாட்டு, கதைசொல்லல், வழு, வழுவமைதி, தடயம், ஈடுபாடு

முன்னுரை

கற்பனைப் படைப்பை நுகர்பவர் தம் அவநம்பிக்கையை மனமுவந்து ஒதுக்கிவைக்கிறார் என்று கோல்ரிட்ஜ் 1817இல் கூறினார். கணினிவழிக் கதைகளை ஆராய்ந்த ஜேனட் மர்ரி 1997இல் இதனை மறுத்து, நுகர்பவர் நம்பிக்கையைத் தாமே முனைந்து உருவாக்குகிறார் என்றார். துப்பறியும் விளையாட்டுக்கு மர்ரியின் கருத்தே மிகவும் பொருந்தும். ஐயப்படுவதே அங்கு விளையாடுபவரின் தொழில். அவர் எதையும் நம்பாமல் இருக்கலாம். ஆயின் தம்முன் வைக்கப்பட்ட தடயங்கள் நேர்மையானவை என்பதை மட்டும் நம்பியே ஆகவேண்டும். ரொனால்டு நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளுள் ஒன்று, துப்பறிபவர் காணும் தடயம் உடனே வாசகருக்கும் காட்டப்பட வேண்டும் என்பதாகும். இவ்வொப்பந்தமே விளையாட்டிலும் ஈடுபாட்டின் அடித்தளமாக அமைகிறது.

வழுவும் வழுவமைதியும்

மென்பொருளில் நேரும் பிழையைக் குறிக்க இன்று தமிழில் வழங்கும் சொல் ‘வழு’ என்பதாகும். இச்சொல் இலக்கண மரபிலிருந்து வந்தது. வழுக்களை ஏழாகப் பகுத்த இலக்கண நூலார் திணை, பால், இடம், காலம், மரபு ஆகியவற்றோடு வினாவையும் விடையையும் சேர்த்துள்ளனர். இலக்கண நெறி பிறழாதது வழாநிலை; பிறழ்ந்தது வழு; பிறழ்ந்தும் தக்க காரணம் பற்றி ஏற்கப்படுவது வழுவமைதி. உவப்பின் காரணமாகப் பசுவை உயர்திணையாகக் கூறுவது வழுவமைதியாகும். பிறழ்ச்சி அங்கு நீங்குவதில்லை. அதன் காரணத்தைக் கேட்பவர் அறிந்திருப்பதால் அது பொருளை மயக்குவதில்லை. இந்நுட்பமே விளையாட்டு வழுக்களை மதிப்பிடவும் உதவுகிறது.

பிறவகை விளையாட்டுகளில் ஒரு பாத்திரம் சுவரினுள் புதைந்து நின்றால் விளையாடுபவர் அதனைப் பிழையென்று உணர்ந்து கடந்துவிடுவார். கொலை நடந்த அறையைத் துருவித் தேடுபவர் அவ்வாறு கடந்துவிட இயலாது. கடிகாரம் தவறான நேரம் காட்டினால் அது தடயமா, படைப்பாளியின் கவனக்குறைவா என்ற வினா எழுகிறது. வழு எது, தடயம் எது என்று பிரித்தறிய இயலாத நிலையில் அவர் கதையை ஆராய்வதை விடுத்து, அதனை இயற்றியவரின் மனத்தை ஆராயத் தொடங்குகிறார். ஈடுபாடு குலைவது இவ்விடத்திலேயே.

வினா வழு: ‘எல்.ஏ. நுவார்’

ஆஸ்திரேலியாவின் டீம் போண்டி நிறுவனம் உருவாக்கி, ராக்ஸ்டார் 2011இல் வெளியிட்ட ‘எல்.ஏ. நுவார்’ 1947ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிகழ்கிறது. நடிகர்களின் முகங்களை 32 படக்கருவிகளால் பதிவுசெய்த இவ்விளையாட்டில், விசாரிக்கப்படுபவரின் முகக்குறிப்பே தடயமாகிறது. அவரது விடையைக் கேட்டபின் விளையாடுபவர் உண்மை, ஐயம், பொய் என்னும் மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய ஐயத்தை வெளிப்படுத்தக் கருதி இரண்டாவதைத் தேர்ந்தால், கதைத்தலைவன் கோல் ஃபெல்ப்ஸ் சிலபோது கடுஞ்சினத்துடன் சாட்சியை மிரட்டுகிறான். விளையாடுபவர் கருதியது ஒன்று. அவர் பெயரால் கேட்கப்பட்டது மற்றொன்று. இதனை வினா வழு எனலாம்.

2017ஆம் ஆண்டு மறுபதிப்பில் இச்சொற்கள் நல்ல காவலர், கடுமையான காவலர், குற்றஞ்சாட்டு என்னும் பொருளில் மாற்றப்பட்டன. முன்னைய சொற்கள் விளையாடுபவரின் தீர்ப்பைக் குறித்தன. பின்னையவை தலைவனின் நடத்தையைக் குறிக்கின்றன. இதனால் சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலான பிளவு குறைந்தது. ஆயின் ‘இவர் கூறுவது மெய்யா?’ என்னும் துப்பறியும் வினா பின்தள்ளப்பட்டு, ‘இவரிடம் எவ்வாறு பேசுவது?’ என்பது முன்னே வந்தது. வழு நீங்கிய இடத்தில் வகையின் உயிர்ப்பண்பும் ஓரளவு தேய்ந்தது.

இதனினும் பெரிய சிக்கல் கொலைப்பிரிவு வழக்குகளில் உள்ளது. ஒவ்வொரு வழக்கிலும் கிடைத்த சான்றுகளைக் கொண்டு ஒருவரைக் குற்றஞ்சாட்டியே தீரவேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டோர் குற்றமற்றவர்கள் என்பதும், கொலையாளி வேறொருவன் என்பதும் பின்னரே தெரியவருகின்றன. இடையிலேயே முரண்பாட்டை உணர்ந்த விளையாடுபவருக்கு அதனைக் கூற வழியில்லை.

அறம் பிறழ்ந்த நகரையும் தவறும் காவல்துறையையும் காட்டுவது நுவார் மரபே என்று இதற்கு மறுமொழி கூறலாம். கதையளவில் அது ஏற்கத்தக்கது. ஆயின் வழக்கு முடிந்தபின் விண்மீன்களால் தரமிடும் குரல் பாத்திரங்களின் குரலன்று. விளையாட்டே தன் விதிகளின்படி பேசும் குரல். குற்றமற்றவரைச் சிறைக்கு அனுப்பிய வழக்கிற்கும் அக்குரல் முழுமதிப்பு வழங்குகிறது. பாத்திரங்கள் பொய்யுரைக்கலாம், நடுவர் பொய்யுரைத்தல் ஆகாது. ஆதலின் இது வழுவேயன்றி வழுவமைதி ஆகாது.

வழுவமைதி: ‘ஹெர் ஸ்டோரி’

சாம் பார்லோ 2015இல் வெளியிட்ட ‘ஹெர் ஸ்டோரி’ இதற்கு மறுதலையான சான்று. 1994இல் ஒரு பெண்ணிடம் காவல்துறை நடத்திய விசாரணைகளின் ஒளிப்பதிவுத் துண்டுகள் பழைய கணினியொன்றில் உள்ளன. விளையாடுபவர் ஒரு சொல்லை உள்ளிட, அச்சொல் இடம்பெறும் துண்டுகளில் முதல் ஐந்து மட்டுமே திறக்கின்றன. காவலர் கேட்ட வினாக்கள் பதிவில் இல்லை. விடைகள் மட்டுமே உள்ளன. தரவுத்தளம் என்ற நிலையில் இவை அப்பட்டமான குறைகள். எனினும் ஈடுபாடு குலைவதில்லை. பழைய கணினியின் வரம்பு என்று கதைக்குள்ளேயே காரணம் அமைந்திருப்பதுடன், அவ்வரம்பு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதனை மீற, பிறர் எளிதில் எண்ணாத சொல்லொன்றைத் தேடவேண்டும், அத்தேடலே துப்பறிதலாகிறது.

லூகாஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ வேறொரு வழியைக் கையாள்கிறது. கப்பலில் இருந்த அறுபதுபேரின் முடிவுகளைக் கண்டறிய வேண்டிய இவ்விளையாட்டில், காட்சி இருபொருள் தரும் சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் ஏற்கப்படுகின்றன. தடயம் தெளிவற்றதாயின் அதன் சுமையை விளையாடுபவர்மீது ஏற்றாத நேர்மை இதில் உள்ளது.

எல்லை அழிதல்: ‘தி பீஸ்ட்’

2001இல் ஸ்பீல்பெர்க்கின் ‘ஏ.ஐ.’ திரைப்படத்தை ஒட்டி மைக்ரோசாஃப்ட் குழுவினர் இணையத்தில் நடத்திய ‘தி பீஸ்ட்’ இவ்விவாதத்தை மேலும் விரிவாக்குகிறது. திரைப்பட விளம்பரத்தில் இடம்பெற்ற ஒரு கற்பனைப் பெயரைப் பின்தொடர்ந்தவர்கள், எவான் சான் என்பவரின் இறப்பைப் பற்றிய வலைத்தளங்களைக் கண்டனர். தான் ஒரு விளையாட்டு என்பதை அது எங்கும் ஒப்பவில்லை. ‘கிளவுட்மேக்கர்ஸ்’ என்னும் குழுவில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடித் துப்பறிந்தனர். படைப்பாளிகள் அவர்களின் உரையாடலைக் கவனித்துக் கதையை அவ்வப்போது மாற்றியமைத்தனர். கதை முடிவுறாமல் நிகழ்ந்துகொண்டிருந்ததால், பிழை வெளிப்பட்டாலும் அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் கற்பிக்க இடமிருந்தது.

ஆயின் எல்லா வழுவும் தடயமாகக் கூடிய உலகம் தனக்கென ஓர் இடரைக் கொண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப்பின், அதன் மர்மத்தையும் தம் கூட்டறிவால் தீர்க்கலாம் என்று அக்குழுவினர் சிலர் முன்மொழிந்தனர். பிறர் அதனை எதிர்த்தனர். விளையாட்டில் ஒவ்வொரு தடயத்தின் பின்னும் அதனை வைத்தவர் ஒருவர் உண்டு. உலகில் தற்செயல் உண்டு, பொருளற்ற பிழையும் உண்டு. இவ்வேறுபாட்டை மறக்கச் செய்யும் ஈடுபாட்டை வெற்றி என்று மட்டும் மதிப்பிட இயலாது.

முடிவுரை

துப்பறியும் விளையாட்டின் ஈடுபாடு, காட்சியின் துல்லியத்தால் மட்டும் அமைவதன்று. தடயத்தின் நேர்மையால் அமைவது. முகத்தசையின் அசைவையும் பதிவுசெய்த ‘எல்.ஏ. நுவார்’ தளர்ந்த இடத்தில், ஒரு தேடுபெட்டியையும் சில ஒளிப்பதிவுத் துண்டுகளையும் கொண்ட ‘ஹெர் ஸ்டோரி’ நிலைபெற்றமை இதனைக் காட்டுகிறது. வழுவைக் கதைக்குள் கொண்டுவர மூன்று நிபந்தனைகள் தேவை: அதன் காரணம் கதையுலகுக்கு இயைந்ததாக இருத்தல், தீர்ப்பு வழங்குமுன் அது விளையாடுபவருக்குத் தெரிந்திருத்தல், தரமிடும் குரல் அதனை மறைக்காதிருத்தல். இம்மூன்றும் அமைந்த வழுவே வழுவமைதியாகும். இவை இல்லாத வழு, குற்றமற்றவரைக் குற்றவாளியென நம்பவைக்கும் பொய்ச்சான்றாகவே நிற்கும்.