அடுப்பு கீழே, வெந்நீர் மேலே

ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர் யாரைப் பார்த்தாலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற விறகு பாய்லரைக் காட்ட வேண்டும் போல இருக்கிறது. அப்படி ஒரு அருமையான சாமான் அது! தீ மூட்டி ஒன்றரை மணி நேரத்தில் குளியலறையில் வெந்நீர், படுக்கையறைச் சுவரோரம் கதகதப்பு. மோட்டார் கிடையாது. மின்சாரம் ஒரு யூனிட்கூடச் செலவில்லை.

ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். ஊட்டி அளவுக்குக் குளிராது, உண்மைதான். ஆனால் ஐப்பசி முதல் தை வரை எங்கள் சேர்வராயன் மலையில் ஈரம்தான் ஆட்சி. துணி காயாது, மெத்தை சில்லிட்டுக் கிடக்கும், மூடுபனி ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். பழைய பங்களாக்களில் கணப்பு உண்டு. அழகுதான், ஆனால் அதன் சூட்டில் பெரும்பகுதி புகைக்கூண்டு வழியே வானத்துக்குப் போய்விடும். சோலார் ஹீட்டர் பனி மூடிய வாரங்களில் கை நனைக்கத்தான் ஆகும். கீசரைச் சொல்லவே வேண்டாம். காற்றில் மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் போதும், குளிர் உச்சத்தில் இருக்கும்போது பார்த்துக் கரண்ட் போய்விடும்.

இந்த மலையில் வீடுகள் சரிவில்தான் நிற்கின்றன. அந்தச் சரிவுதான் இந்த ஏற்பாட்டின் உயிர். வீட்டுத் தரைக்குக் கீழே, வெளியே ஒரு கொட்டகையில் அடுப்பு. மேலே, வீட்டு மட்டத்தில் 200 லிட்டர் டேங்க். அடுப்பைச் சுற்றி இரட்டைச் சுவர், நடுவில் தண்ணீர். சூடானால் தண்ணீர் இலேசாகிவிடும். 15 டிகிரியில் ஒரு லிட்டர் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. 70 டிகிரியில் அதே ஒரு லிட்டர் இருபது கிராம் சொச்சம் குறைவு. அந்த இருபது கிராம்தான் எங்கள் மோட்டார்! சூடான நீர் தானாக மேலேறும், குளிர்ந்த நீர் இன்னொரு குழாய் வழியே கீழே வந்து அடுப்பில் சேரும். தீ இருக்கும்வரை இந்தச் சுற்று ஓயாது. குழாய் மாட்ட வந்த தம்பி, “மோட்டாரே இல்லாம தண்ணி எப்படிங்க சார் மேல ஏறும்?” என்று கேட்டுக்கொண்டேதான் வேலை செய்தார். முதல் தீ மூட்டியதும் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்த எல்லோரையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னவரும் அவரேதான்.

அந்தச் சுற்றுத் தண்ணீர் வேறு, குளிக்கிற தண்ணீர் வேறு. டேங்குக்குள் ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. அடுப்பு நீர் சுருளுக்குள் ஓட, குளிக்கிற நீர் வெளியிலிருந்து சூடேறுகிறது. திரும்பத் திரும்ப ஒரே நீர் சுற்றுவதால் அடுப்புக்குள் உப்புப் படிவதில்லை. டேங்க் துருப்பிடிக்காத எஃகு. சேலம் உருக்காலையை அடிவாரத்தில் வைத்துக்கொண்டு எஃகுக்கு ஏன் வெளியூர் போக வேண்டும்? பட்டறையில் நினைத்த அளவுக்கு வளைத்து வெல்டிங் செய்து கொடுத்துவிட்டார்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விறகுத் தீயை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது. டேங்க் கொதித்தாலும் தணல் சூடு கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் மேலே திறந்த வாயோடு ஒரு ஏர் பைப் கட்டாயம். அடுப்புக்கும் அதற்கும் நடுவே எந்த வால்வும் கூடாது. மூடிவிட்டால் நீராவி அடைபட்டு வெடிக்கும். அதே காரணத்துக்காகத்தான் படுக்கையறைச் சுவரில் ரேடியேட்டர் வைத்தோம். இரண்டு அங்குலக் குழாய்களை வரிசையாக வெல்டிங் வைத்துச் செய்தது, வால்வே இல்லாதது. மிஞ்சுகிற சூடெல்லாம் அதில் இறங்கும். பாதுகாப்புக்கு வைத்த பொருள் மார்கழி ராத்திரியில் அறையையே சூடாக்குகிறது. இதைவிடச் சந்தோஷம் வேறென்ன! சுற்றுக் குழாய் ஒன்றேகால் இன்ச்சுக்குக் குறையக் கூடாது. மேலேறும் வழியில் எங்கும் தொய்யவும் கூடாது, காற்று அடைத்துக்கொள்ளும்.

விறகுக்கு எங்கே போவது என்கிறார்கள். காபித் தோட்டத்துக்குள் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காபி நிழல் கேட்கிற செடி. நிழலுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். அதன் மேல் மிளகுக் கொடி. அறுவடை முடிந்ததும் காபியைக் கவாத்து செய்கிறோம், மழைக்கு முன் நிழல் மரக் கிளைகளைக் கழிக்கிறோம். அந்தக் கழிவே எங்களுக்கு வருஷ விறகு. மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். எங்கள் பாய்லருக்காக ஒரு மரமும் விழ வேண்டியதில்லை.

விறகு காய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதைக் கொதிக்க வைத்து விரட்டுவதிலேயே தீயின் பலம் போய்விடும். கூரைக்கடியில் ஒரு வருஷம் அடுக்கி வைத்த கட்டை கிலோவுக்கு 4 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான சூடு தரும். 200 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 10 யூனிட் வேண்டும். கொஞ்சம் சூடு புகையோடு போனாலும் 4, 5 கிலோ விறகில் காரியம் முடிந்தது. காபிக் கட்டை சின்னதாக இருந்தாலும் கெட்டி, நின்று எரியும். முதலில் சுள்ளி வைத்துச் சுறுசுறுப்பாக எரிய விடுங்கள். அடுப்புச் சுவர் சீக்கிரம் சூடானால்தான் புகை தாராகப் படியாது. சாம்பலும் வீண் இல்லை. எங்கள் புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் சேர்ந்து கிடைத்த மாதிரி, காபிச் செடிக்கே திரும்பப் போகிறது.

இந்த மலையில் புதிதாக வீடு கட்டப்போகிறவர்கள் கடைக்கால் தோண்டும்போதே சரிவின் கீழ்ப்பக்கம் ஆறடிக்கு ஆறடி இடம் விட்டுவிடுங்கள். மேலே குளியலறையை அதற்கு நேராக வையுங்கள். குழாய் நீளம் குறையும். கொட்டகை வீட்டுக்கு வெளியேதான் இருக்க வேண்டும், விஷப்புகை உள்ளே வரக் கூடாது. முடிவு செய்யுமுன் ஒரு மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். கையோடு குளித்துவிட்டும் போகலாம், வெந்நீர் எத்தனை பேருக்கும் இருக்கிறது.