கால் எங்கே தொலைந்தது?

அமெரிக்காவின் மோபி 1993-ல் ‘தவுஸண்ட்’ என்று ஓர் எலெக்ட்ரானிக் இசைத்துண்டு போட்டார். உச்சத்தில் நிமிஷத்துக்கு 1000 அடிக்கு மேல். கின்னஸில் இடம் பிடித்தது.

கேட்டுப் பாருங்கள். முதலில் கால் தானாகத் தாளம் போடும். வேகம் ஏற ஏறத் திணறும். அப்புறம் நின்றே விடும். செகண்டுக்குப் பதினேழு அடியை யாரய்யா எண்ணுவது? எல்லாம் ஒட்டிக்கொண்டு தையல் மெஷின் மாதிரி ‘டர்ர்ர்’ என்கிறது. ஒன்று சிரிப்பு வரும், இல்லை எரிச்சல் வரும். வேகம் இறங்கும்போதுதான் ‘அப்பாடா’.

நம்மிடமும் வேகம் உண்டு. பண்ருட்டி பக்கத்துத் திருவதிகை மாதிரி சிவன் கோயில்களில் சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். கம்பீர நாட்டை ராகம், சாகித்யம் கிடையாது. அதே வரியை இரண்டு மடங்கு, நாலு மடங்கு வேகத்திலும் வாசிப்பார்கள். ஸ்வரங்கள் பறக்கும், தாளம் போடுகிற கை மட்டும் பழைய நிதானத்திலேயே இருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாமும் கூடவே போய்விடலாம். வேகம் கூடக் கூட ஆச்சரியமும் கூடும்.

மோபி தாளத்தையே ஓடவிட்டார். கம்பியில்லாத டவுன் பஸ்ஸில் நிற்கிற மாதிரி இருக்கிறது. சாதனைக்காக ஒரு தடவை கேட்கலாம், தப்பில்லை. மறுபடி கேட்க எனக்கு மல்லாரி போதும்.