கோடும் கருத்தும்

திரைப்படத்தின் கதையை மட்டும் அலசிக் காட்சியமைப்பைக் கைவிடும் விமர்சனம் அரைகுறையானதே. 1925இல் ஐசன்ஸ்டைன் உருவாக்கிய 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தின் ஒடெசாப் படிக்கட்டுக் காட்சியை நோக்குவோம். சார் மன்னனின் படைவீரர் துப்பாக்கி ஏந்திய நேர்வரிசையாக இறங்குகின்றனர். மக்களோ ஒழுங்கின்றிச் சிதறி ஓடுகின்றனர். குண்டடிபட்ட மகனை ஏந்திய தாயொருத்தி அவ்வரிசையை எதிர்த்து மேலேறுகிறாள். கோடும் திசையுமே அடக்குமுறையை உணர்த்திவிடுகின்றன.

ஆயினும், 1905இல் அப்படிக்கட்டில் இத்தகைய படுகொலை நிகழவில்லை. மக்கள் சுடப்பட்டது நகரின் வேறிடங்களிலேயே. பலர் படத்தையே வரலாறெனக் கொண்டுவிட்டனர். வடிவத்தின் வலிமை அத்தகையது. அது எம் பக்கம் நிற்கையிலும் அதனை வினவி நோக்க மாணவரைப் பழக்குவோமாக. அன்றேல், நாளை எதிர்முகாமின் படமும் அவர்களை இவ்வாறே ஆட்கொள்ளும்.