வானிலைத் துறை: கணிப்பில் தேர்ச்சி, சொல்வதில் தயக்கம்

1864இல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலும், 1866, 1871 ஆண்டுகளில் பொய்த்த பருவமழையும் தந்த பாடத்தால் 1875இல் தொடங்கப்பட்டது இந்திய வானிலை ஆய்வுத் துறை. சென்னையில் வானிலை அறிவியல் அந்தத் துறைக்கும் மூத்தது. 1792இல் இங்கே எழுந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அதன் கல்வெட்டில் தமிழும் உண்டு.

இந்தத் துறை உலகுக்குத் தந்தது சிறிதல்ல. 1904 முதல் 1924 வரை தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், பருவமழையைக் கணிக்க முயன்றபோதுதான் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் காற்றழுத்தம் ஊஞ்சல்போல் மாறிமாறி ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். எல் நினோவைப் பற்றி இன்று நாம் பேசுவதன் வேர் அதில் இருக்கிறது.

புயல் கணிப்பில் அடைந்த வளர்ச்சியோ உயிர்களால் அளக்கத்தக்கது. 1999 ஒடிசா பெரும்புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் அதே கரையைத் தாக்கியபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். பலி சில பத்துகளோடு நின்றது. ஒடிசா நிர்வாகத்தின் உழைப்பு அதில் பெரும்பங்கு. ஆனால், எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று நம்பத்தகுந்த முன்னறிவிப்பு இல்லாமல் அத்தனை பேரை எந்த ஆட்சியரும் கிளப்பியிருக்க முடியாது.

சறுக்கல்களும் உண்டு. 2002இல் பருவமழை சராசரியில் 101 சதவீதம் இருக்கும் என்றது துறை. பெய்தது 81 சதவீதம். அத்தகைய கணிப்புப் பிழையை நான் பெரிதாகக் குறைசொல்ல மாட்டேன். இயற்கை அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. என் குறை வேறு: தெரிந்ததை மக்களுக்குச் சொல்லும் முறை.

காயல்பட்டினத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அங்கே ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. துறையின் கணக்கில் 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ‘அதி கனமழை’. சென்டிமீட்டர் கணக்கில் அதற்கு மேல் வேறு படி கிடையாது. 21 சென்டிமீட்டருக்கும் 95 சென்டிமீட்டருக்கும் ஒரே சொல், ஒரே சிவப்பு எச்சரிக்கை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பாத்திரபண்டங்களைப் பரணில் ஏற்றுவாரா, ஊரைவிட்டே கிளம்புவாரா? எச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு. பல நாள் முன்பே எச்சரித்தோம் என்றது மத்திய அரசு. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எச்சரிக்கை வந்தது; ஆபத்தின் அளவு வந்து சேரவில்லை.

ஒக்கி புயல் அதைவிடக் கொடியது. 2017 நவம்பர் இறுதியில் தாழ்வு மண்டலம் ஒரே நாளில் புயலானது. கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற அறிவிப்பு கரையில் இருந்தவர்களுக்குப் பயன்பட்டது. பல நாள் தங்கி மீன்பிடிக்கக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து போன படகுகள் அப்போது ஆழ்கடலில் இருந்தன. கைப்பேசியோ கரையின் ஒலிபெருக்கியோ எட்டாத தூரம் அது. அவர்களைப் போன்றவர்களுக்காகச் செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவிகள் பரவலாக வழங்கப்பட்டது பல மீனவர்களைப் பறிகொடுத்த பிறகுதான்.

ஒவ்வொரு புயலுக்குப் பிறகும், தன் கணிப்பு எத்தனை கிலோமீட்டர் தவறியது என்பதைத் துறையே அறிக்கையாக வெளியிடுகிறது. அரசு அலுவலகங்களில் அரிதான நேர்மை இது. ஆனால் அந்த அறிக்கை ஆங்கிலத்தில் நிபுணர்களுக்காக எழுதப்படுகிறது. கனமழைக்கும் அதே தணிக்கை வேண்டும், தமிழில் வேண்டும். ‘ஓரிரு இடங்களில்’ என்ற பழைய வாசகத்தை விட்டு, எந்த ஆற்றங்கரையில், எந்தத் தாழ்வான பகுதியில் என்ன நேரலாம் என்று சொல்ல வேண்டும். இதற்காக மாநில நீர்வளத் துறையும் வானிலை மையமும் அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒன்றாக உட்கார வேண்டும்.